வாயே தொட்டில்!

ஏரி மீன் கடையில் ‘ஜிலேபி’ என்று கேட்டால் போதும், எடுத்துத் தருவார்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அந்த மீனின் முழுப்பெயர் மொசாம்பிக் திலாப்பியா. சொந்த ஊர், தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸாம்பேசி, லிம்போபோ ஆறுகள். சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதன் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் கறுத்துவிடும். தொண்டை மட்டும் வெளுத்திருக்கும். ஆழமில்லாத இடத்தில் மணலை வாயால் அள்ளி, தட்டு போல ஒரு குழி பறித்துக் காவல் நிற்கும். பெண் மீன் வந்து முட்டையிடும். உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். அத்தோடு அப்பாவின் வேலை முடிந்தது!

இனி தாயின் வாய்தான் தொட்டில். முட்டைகளை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கும். குஞ்சு பொரித்த பிறகும் வெளியே விடாது. ஏறக்குறைய மூன்று வாரம் இப்படியே. அத்தனை நாளும் தாய்க்குக் கிட்டத்தட்ட பட்டினிதான். நீந்தப் பழகிய பிறகும், ஆபத்து என்றால் குஞ்சுகள் ஓடிவந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும்.

இப்படிப் பொத்தி வளர்ப்பதாலும், நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இரண்டையும் தாங்குவதாலும், போன இடமெல்லாம் பெருகிவிட்டது. பல நாடுகளில் உள்ளூர் மீன்களுக்கே இது தொல்லை.

ஆனால், சொந்த ஊரில் நிலைமை தலைகீழ். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. காரணம், அதன் ஒன்றுவிட்ட சொந்தமான நைல் திலாப்பியா. வேகமாக வளர்கிறது என்று பண்ணைகளுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்த மீன், ஆறுகளிலும் கலந்துவிட்டது. இரண்டும் இணைந்தால் பிறக்கும் கலப்புக் குஞ்சுகளும் பின்னர் இனம் பெருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அசல் வம்சம் கரைகிறது.

பெரிய மீன் வந்தால் தாய் வாயை மூடிக்கொள்ளும். இந்த ஆபத்தையோ, பட்டினி கிடந்து தன் வாயிலேயே வளர்க்கிறது.

அசல் வம்சம் போனால் இழப்பு ஆற்றுக்கு மட்டுமல்ல. உப்பு நீரில் வளரும் பண்ணை ரகங்களை உருவாக்க, உப்பைத் தாங்கும் இந்த மீனைத்தான் நாடுகிறார்கள். மீன் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. பண்ணைக் குளத்து மீன் ஆற்றுக்குத் தப்பாமல் பார்த்துக்கொள்வது மனிதர்களின் வேலை!