வினிகர் வாடை அடித்தால் அவசரம்... அழிந்துவரும் அணுகுண்டு ஆவணங்கள்!

பழைய ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தால், உள்ளே இருக்கும் படம் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அமெரிக்காவின் அணுகுண்டுச் சோதனைப் படங்களிலும் அந்த வாடைதான் அடித்தது.

1945 முதல் 1962 வரை திறந்தவெளியில் 210 சோதனைகளை நடத்தியது அமெரிக்கா. ஒவ்வொரு வெடிப்பையும் பல கேமராக்கள், நொடிக்குச் சுமார் 2,400 ஃபிரேம்கள் என்ற வேகத்தில் பதிவுசெய்தன. இப்படிச் சேர்ந்தவை சுமார் 10,000 படங்கள். பிறகு அவை நாடு முழுக்கப் பலத்த காவலுள்ள அறைகளில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன.

கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் கிரெக் ஸ்ப்ரிக்ஸ் இந்தப் படங்களைத் தேடிப் பிடித்தார். 2017 வரை அவர் குழுவுக்குக் கிடைத்தவை சுமார் 6,500. அதில் சுமார் 4,200 படங்கள் ஸ்கேன் செய்யப்பட்டன. ரகசியம் நீக்கப்பட்ட சில படங்கள் அந்த ஆண்டே யூடியூபிலும் வந்தன.

ஏன் இத்தனை மெனக்கெடல்? 1992-க்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டு எதையும் வெடித்துப் பார்க்கவில்லை. எல்லாமே கம்ப்யூட்டர் கணக்குதான். அந்தக் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவுகளை விட்டால் வேறு வழியில்லை. தீக்கோளம் விரியும் வேகத்தை மறுபடி அளந்தபோது, அன்று எழுதிவைத்த சில அளவுகள் 20, 30 சதவிகிதம் வரை தவறு என்று தெரிந்தது. படம் அழிந்திருந்தால் அந்தத் தவறும் அப்படியே நிலைத்திருக்கும்.

எதை முதலில் காப்பாற்றுவது?

பணமும் ஆட்களும் குறைவு, டப்பாக்களோ ஆயிரக்கணக்கில் என்றால் எங்கிருந்து தொடங்குவது? ஃபிலிம் காப்பகங்களில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. டப்பாவுக்குள் நீல நிறச் சிறு காகிதம் ஒன்றை வைப்பார்கள். ஃபிலிமிலிருந்து கசியும் அமிலம் பட்டு அது பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். மஞ்சளானதுக்குத்தான் முதலிடம். மற்றவை குளிரூட்டிய அறையில் காத்திருக்கலாம்.

ஆனால், எந்த டப்பா அவசரம் என்பதை மட்டும்தான் காகிதம் சொல்லும். யாருடைய ஆவணம் முக்கியம் என்பதை மனிதர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வெடித்த இடத்தின் ஆவணங்கள்

அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 67 குண்டுகளை வெடித்தது பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளில். 1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த ‘பிராவோ’வின் வலிமை 15 மெகாடன். விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பக்கத்து ரோங்கெலாப் தீவில் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள்.

இவர்களுக்காக 1988-ல் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைந்தது. அது வழங்கச் சொன்ன தொகை 200 கோடி டாலருக்கும் அதிகம். அமெரிக்கா தொடங்கிய நிதியமோ வெறும் 15 கோடி டாலர். பணம் தீர்ந்தது, தீர்ப்பாயமும் முடங்கியது. மிஞ்சியவை மக்களின் வாக்குமூலங்களும் மருத்துவ விவரங்களும்தான். அவற்றின் டிஜிட்டல் பிரதி ஒன்று இப்போது சுவிட்சர்லாந்து அரசின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒரு குட்டித் தீவு நாட்டின் நினைவைக் காக்க, உலகத்தின் மறுபக்கம் வரை போக வேண்டியிருந்தது.

ஸ்கேன் செய்வதோடு செலவும் முடிவதில்லை. ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. ஆண்டுதோறும் பராமரிக்கவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றவும் பணம் வேண்டும். ஆயுத ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் படங்களுக்குப் பெரிய ஆய்வுக்கூடத்தின் துணை இருக்கிறது. வாக்குமூலங்களுக்கு அப்படி யாரும் இல்லை.

குண்டின் வலிமையைச் சொல்ல ஃபிலிம் போதும். அதன் சாம்பல் யார் தலையில் விழுந்தது என்பதைச் சொல்ல அந்த வாக்குமூலங்கள் வேண்டும். பிராவோ வெடித்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று 70 வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த நாளைப் பற்றிப் பேசப்போவது இந்த ஆவணங்கள் மட்டுமே. நிதி ஒதுக்கும்போது இவற்றையும் முதல் வரிசையில் வைப்பதுதான் நியாயம்.