இயந்திரம் தவறுமா?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

“யானைக்கும் அடி சறுக்கும்” என்பது முன்னோர் வாக்கு. இயந்திரத்துக்கு அடி சறுக்குமா என்று கேட்டால், நம்மில் பலர் “சறுக்காது” என்றே பதில் கூறுவோம். அந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு சதுரங்கப் போட்டி எனக்கு உணர்த்தியது.

1997-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில், உலக சாம்பியன் காஸ்பரோவை எதிர்த்து ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ என்ற கணிப்பொறி ஆறு ஆட்டங்கள் ஆடியது. ஒரு விநாடியில் சுமார் 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அதற்கு உண்டு. மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிக் கணக்கில் அதுவே வென்றது. இதைப் பலரும் அறிவர். ஆனால் அது செய்த தவறுகளை அறிந்தவர் சிலரே.

முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வெற்றியை நெருங்கியிருந்தார். அப்போது கறுப்புக் காய்களுடன் ஆடிய கணிப்பொறி, தன் 44-ஆவது நகர்த்தலில் யானையை எவ்விதப் பயனும் இல்லாத ஒரு கட்டத்தில் வைத்தது. காஸ்பரோவ் அடுத்த காயை நகர்த்தியதும் தோல்வியை ஒப்புக்கொண்டது. நிரலில் இருந்த பிழையே அதற்குக் காரணம் என்று அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மரே காம்ப்பெல் பிற்காலத்தில் கூறினார். காஸ்பரோவ் தரப்பினரோ அந்த நகர்த்தலில் ஏதோ ஆழ்ந்த சிந்தனை ஒளிந்திருக்கிறது என்று எண்ணினார்களாம்!

மறுநாள் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் கணிப்பொறி மிகச் சிறப்பாக ஆடியது. அதன் 45-ஆவது நகர்த்தலுக்குப் பின் காஸ்பரோவ் தோல்வியை ஏற்று எழுந்துவிட்டார். ஆனால் அதற்கு முந்தைய நகர்த்தலில் கணிப்பொறி தன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்திருந்தது. கறுப்பு ராணி விடாமல் ‘செக்’ வைத்துத் துரத்தியிருந்தால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்திருக்கும் என்று அடுத்த நாள் நண்பர்கள் அவருக்கு எடுத்துக் காட்டினர்.

அத்தனை பெரிய வீரர் அந்த வழியைத் தேடாமல் விட்டது ஏன்? “இவ்வளவு தூரம் பார்க்கும் இயந்திரம் இதையா பார்க்காமல் விட்டிருக்கும்?” என்று நம்பியதே காரணம் என்பது என் கருத்து. இயந்திரத்தின் தவறு ஓர் ஆட்டத்தைச் சமன் செய்திருக்கும். மனிதரின் நம்பிக்கை அதை மறைத்துவிட்டது.

“அது பழைய கதை. இன்று கைப்பேசியில் உள்ள சதுரங்க நிரலே உலக சாம்பியனை வென்றுவிடுமே!” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாம் இயந்திரத்திடம் சதுரங்கம் மட்டுமா கேட்கிறோம்? கணக்கு, கட்டுரை, மருந்து, வழி என அனைத்தையும் கேட்கிறோம்.

சென்ற பருவத்தில் ஒரு கூம்பின் கன அளவைக் கண்டுபிடிக்கும் வீட்டுக் கணக்கு. விட்டம் 14 செ.மீ., உயரம் 9 செ.மீ. கையால் போட்டபோது 462 கன செ.மீ. என்று வந்தது. கைப்பேசியில் சரிபார்த்தேன், 1848 என்றது. சற்றும் யோசிக்காமல் என் விடையை அழித்துவிட்டு அதை எழுதினேன். மறுநாள் ஆசிரியை சிவப்பு மையால் சுழித்த பிறகே, ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தை அழுத்தியது தெரிந்தது. பிழை இயந்திரத்துடையது அன்று, என் விரலுடையது. ஆனால் சரியான விடையை அழித்த குற்றம்? அது என் மனத்துடையது.

அன்புத் தோழியரே! இயந்திரத்தைப் பயன்படுத்துவோம், அதை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொன்ன விடைக்காக நம் விடையை அழிக்கும் முன், ஒரு முறை, ஒரே ஒரு முறை, மீண்டும் போட்டுப் பார்ப்போம். எழுந்து செல்லும் முன் பலகையை இன்னொரு தடவை பார்ப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.