செங்கம் சாலையில் வந்த படைகள்

பௌர்ணமி நெருங்கினால் எங்கள் திருவண்ணாமலைத் தெருக்களில் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கு கேட்கும். ஹைதராபாத்திலிருந்து கிரிவலத்துக்கு வருபவர்களுக்காகக் கடைப் பலகைகளும் விடுதிப் பலகைகளும் தெலுங்குக்கு மாறிவிட்டன. பெங்களூரு வண்டிகள் ஊத்தங்கரை, செங்கம் வழியாக வந்து இறங்குகின்றன. 1767 செப்டம்பரில் மைசூர் ஹைதர் அலியின் படையும், ஹைதராபாத் நிஜாம் அலியின் படையும் வந்ததும் இந்தச் செங்கம் பக்கமாகத்தான்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித் செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் அவர்களைச் சமாளித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ஒதுங்கினார். படைக்குச் சோறில்லை. ஆற்காடு நவாப் முகமது அலி இங்கே தானியம் சேர்த்து வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். வந்து பார்த்தால் இல்லை. திருச்சியிலிருந்து கர்னல் வுட் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 25, 26 இரண்டு நாளும் போர். நடுவே கிடந்த சதுப்பைச் சுற்றிக்கொண்டு ஸ்மித் நகர்ந்ததை, அவர் பின்வாங்குகிறார் என்று எதிர்ப்படை நினைத்துவிட்டது. 64 பீரங்கிகளைப் பிடித்ததாகக் கும்பினிக்காரர்கள் எழுதிவைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் நிஜாம் தனியாகச் சமாதானம் பேசிக்கொண்டார். ஹைதர் விடவில்லை. 1769இல் சென்னைப் பட்டணத்தின் வாசல்வரை போய்க் கும்பினியை உடன்படிக்கைக்கு இறங்கிவர வைத்தார்.

அண்ணாமலையார் கோயிலும் அந்நாளைய போர்களிலிருந்து தப்பவில்லை. உயர்ந்த கல் மதில், அடைக்கக்கூடிய வாசல்கள், உள்ளேயே குளங்கள்: படைத்தலைவர்கள் கண்ணுக்கு இது கோட்டையாகத்தான் தெரிந்தது. 1753இல் வேலூர் முர்துஸா அலியும் மராட்டிய முராரி ராவும் முற்றுகையிட்டார்கள். 1757இல் பிரெஞ்சுக்காரர், 1760இல் ஆங்கிலேயர், 1790இல் திப்பு என்று கைமாறியது. சிதம்பரம் கோயிலுக்கும் இதே கதிதான். 1781இல் அதைப் பிடிக்கப் போன ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை தோற்றுத் திரும்பியது.

அரசுப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை வரலாறு நடத்தியவன் நான். முதலாம் மைசூர்ப் போரைத் தேதியோடு ஒப்பிக்கும் பிள்ளைகளிடம், 'அதில் 1767 சண்டை நம் மலையடிவாரத்தில் நடந்தது' என்றால் திகைத்துப் போவார்கள். பானிபட்டை வரைபடத்தில் காட்டத் தெரியும். பேகோபுரத் தெருவில் குடியிருந்துகொண்டு, அந்த மதில் எதையெல்லாம் தாங்கியது என்று தெரியாது. தவறு பிள்ளைகளுடையது அல்ல. ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி, கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

கோயிலில் போய்ப் போர்க்கதை எதற்கு, அபசகுனம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பள்ளிகொண்டாப்பட்டு என்ற ஊரைத்தான் காட்டுவேன். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் வல்லாளர், மதுரை சுல்தானோடு போரிட்டுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பிள்ளையில்லை, அண்ணாமலையாரே மகன் என்பது இங்குள்ள நம்பிக்கை. ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சுவாமி பள்ளிகொண்டாப்பட்டில் எழுந்தருளி அவருக்குத் திதி கொடுக்கிறார். போரில் செத்தவரை ஆண்டுதோறும் சாமியே நினைக்கும் ஊரில், 1767இல் செத்தவர்களுக்கு ஒரு பலகை வைப்பதில் என்ன அபசகுனம்? பசியோடு நின்று செத்த சிப்பாய்களில் எந்தப் பக்கத்திலும் நம் மண்ணின் ஆட்களே மிகுதி.

அறநிலையத் துறையையும் மாநகராட்சியையும் நான் கேட்பது இரண்டு கற்பலகைகள். ஒன்று ராஜகோபுர வாசலில்: 1753, 1757, 1760, 1767, 1790 என்ற ஆண்டுகளும் அவற்றில் நடந்ததும். இன்னொன்று, 1767இல் செத்தவர்களுக்காக, ரமணாசிரமம் தாண்டி, கிரிவலப் பாதை செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பும் இடத்தில். தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். அன்று வந்த படைகளின் ஊர்க்காரர்கள் இன்று அந்த வழியே வெறுங்காலோடு நடக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். கார்த்திகை தீபத்துக்கு முன் வைத்துவிட்டால் லட்சக்கணக்கானோர் கண்ணில் படும்.