பார்வைக் குறையும் ஓட்டுநர் பிழைப்பும்

மோட்டார் வண்டி ஓட்ட உரிமம் கேட்பவர், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் எண் பலகையை அடையாளம் காண வேண்டும். தேவையானால் கண்ணாடி அணிந்து கொள்ளலாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுத்த அளவுகோல் இது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த 25 மீட்டரை ஒன்றரை விநாடியில் கடந்துவிடும். ஆகவே இந்தச் சோதனையில் தேறுவது குறைந்தபட்சத் தகுதியே அன்றி முழுப் பாதுகாப்பு ஆகாது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசு தந்த கணக்கு. இவர்களில் எத்தனை பேர் ஓட்டுநரின் கண் குறையால் மாண்டனர் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. விபத்துக்குப் பிறகு வண்டியின் பிரேக்கைச் சோதித்துப் பார்ப்பதுண்டு. ஓட்டியவரின் கண்ணைச் சோதிப்பது அரிது.

உறுதிமொழியும் சான்றிதழும்

சொந்த வண்டி ஓட்ட விரும்பும், 40 வயதைத் தாண்டாத ஒருவர், தம் பார்வை சரியாக இருப்பதாகப் படிவத்தில் தாமே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். 40 வயதைத் தாண்டியவர்களும், டாக்சி, லாரி, பஸ் போன்ற வண்டிகளை ஓட்டுவோரும் டாக்டர் சான்றிதழ் தரவேண்டும்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, தொழில்முறை ஓட்டுநர்களின் உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. அலைச்சல் குறைந்தது என்ற வகையில் இது நல்லதே. ஆனால் கட்டாயக் கண் சோதனைக்கான இடைவெளியும் அதனுடன் நீண்டுவிட்டது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கவும், கிளாகோமா எனும் கண் அழுத்த நோய் பக்கப் பார்வையைச் சுருக்கவும் ஐந்தாண்டு போதுமானது. கிளாகோமாவில் நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கக்கூடும். எண் பலகையைத் தடையின்றிப் படிப்பவருக்கு, பக்கத்துச் சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாமல் போகும்.

ஒற்றைக் கண்ணும் பழக்கமும்

ஒரு கண்ணை இழந்தவர் வண்டியே ஓட்டலாகாது என்று விதி கூறவில்லை. உரிமம் பெற்று ஐந்தாண்டுக்கு மேல் ஆனபின் ஒரு கண் பார்வையை இழந்தவர், ஸ்டீயரிங் பக்கம் வெளிக் கண்ணாடி பொருத்திய சொந்த இலகு ரக வண்டியை ஓட்ட 1989 விதிகளின் படிவம் இடம் வைத்தது. அனுபவமும் கண்ணாடியும் குறையை ஓரளவு ஈடுசெய்யும் என்பதே இதன் கருத்து.

மருத்துவமும் இதை மறுக்கவில்லை. ஒரு கண் போனால் அந்தப் பக்கத்துப் பார்வைப் பரப்பு குறைகிறது. அருகிலுள்ள பொருளின் தூரத்தை மதிப்பிடுவதும் தடுமாறுகிறது. டம்ளரில் தேநீர் ஊற்றும்போதே இது தெரிந்துவிடும். ஆனால் சில மாதங்களில் மூளை வேறு குறிப்புகளைக் கொண்டு தூரத்தை அளக்கக் கற்கிறது. எந்தப் பொருள் எதை மறைக்கிறது, தலையை அசைத்தால் எது வேகமாக நகர்கிறது என்பவை அத்தகைய குறிப்புகள். தலையை நன்றாகத் திருப்பிப் பார்ப்பது, முன்வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடுவது, இரவில் வேகத்தைக் குறைப்பது ஆகியவற்றை முதலில் வெற்று மைதானத்தில் பழகிப் பிறகே சாலைக்கு வரவேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், மங்கிய பார்வையுள்ளவர்கள் சிறு தொலைநோக்கி பொருத்திய கண்ணாடியுடன் தனிப் பயிற்சி பெற்று ஓட்ட அனுமதி உண்டு.

நிறக்குருடு விஷயத்திலும் விதி நெகிழ்ந்திருக்கிறது. லேசான, நடுத்தர அளவு நிறக்குருடு உள்ளவர்களும் உரிமம் பெறலாம் என்று 2020 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. கடுமையான குறை உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. செங்குத்தான சிக்னல் கம்பத்தில் சிவப்பு மேலேயும் பச்சை கீழேயும் இருப்பதால், நிறம் மயங்கினாலும் இடத்தைக் கொண்டு விளக்கை அறியப் பழகலாம்.

மறைப்பது ஏன்?

இந்தச் சலுகைகளில் ஒற்றைக் கண்ணுக்கானது சொந்த வண்டிக்கு மட்டுமே. கூலிக்கு வண்டி ஓட்டுபவருக்குக் கண் குறை என்றால் பிழைப்பே போயிற்று. ஊரைவிட்டு வந்து, வாடகையும் கொடுத்து, வீட்டுக்கும் பணம் அனுப்பும் டிரைவர் கண் மங்குவதை வெளியே சொல்லாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அவரது அச்சத்தை நீக்காமல் சோதனையை மட்டும் கடுமையாக்கினால், சான்றிதழை விலைக்கு வாங்கும் வழிதான் பெருகும்.

அரசு ஊழியருக்குச் சட்டத்தின் துணை உண்டு. பணிக்காலத்தில் உடல் ஊனம் நேர்ந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தரவேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நிறக்குருடு காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா அரசு பஸ் டிரைவர் ஒருவருக்கு மாற்று வேலை தருமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிர்வாகமும் தொழிலாளர்களும் 1979-ல் செய்துகொண்ட உடன்பாடு அவருக்குக் கைகொடுத்தது. தனியார் லாரியிலும் டாக்சியிலும் உள்ளவர்களுக்கு அத்தகைய உடன்பாடு ஏது? கண் சோதனைச் செலவையும், தேவைப்பட்டால் மாற்று வேலையையும் முதலாளிகள் ஏற்கும்படி சங்கங்கள் கேட்பது நியாயமே.

அதுவரை டிரைவர் தாமே செய்யக்கூடியதும் உண்டு. மங்கும் கண்கள் பலவற்றுக்குச் சரியான கண்ணாடியோ கண்புரை அறுவையோ போதும். 1976 முதல் நடந்துவரும் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. எதிர் வண்டியின் விளக்கு முன்னைவிட அதிகமாகக் கூசுவதும், பக்கவாட்டில் அடிக்கடி உரசல் நேர்வதும் எச்சரிக்கைகள். இவை தோன்றிய வாரமே கண் டாக்டரைப் பார்ப்பவர், தம் உரிமத்தையும் பிறர் உயிரையும் காத்துக்கொள்கிறார்.