ஊசி போட ஆள் போதுமா?

"சின்ன கிளினிக்கில் பிரஷர் பார்க்க, ஊசி போட யாராவது இருந்தால் போதும், படித்த நர்ஸ் எதற்கு?" என்கிறார் நண்பர். குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக்காரரும் 'ஸ்பானர் பிடித்தால் போதும், மெக்கானிக் எதற்கு' என்று சொல்லமாட்டார்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர் சர்க்கரை மாத்திரையை எந்த வேளை போடுவது? இரண்டு வாரம் தாண்டிய இருமல் பஞ்சுத் தூசியாலா, காசநோயா? வாசலிலேயே கேட்டு, சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர் நர்ஸ்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்புவது வேடிக்கைக்கா?

மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ பெரும்பாலும் வார்டு வேலையைத்தான் பழக்குகிறது. கிளினிக்கில் தனியாக நிற்பவருக்குச் சந்தேகம் கேட்க ஒரு மூத்த அக்காகூட இல்லை. அவருக்கு மாதம் ஒருநாள் அரசு மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கட்டும். அன்றைய சம்பளத்தைக் கிளினிக்காரர் பிடிக்காமல் இருக்கட்டும்.