பெயர் பல, வகை மூன்று

சொசேஜ் எனும் இறைச்சியுணவு கடைகளிலே பல பெயர்களுடன் காட்சியளிக்கின்றது. பிராங்பேர்ட்டர், வியன்னா, சலாமி, சொரிசோ, லிங்குஸ் என அவை விரியும். வாங்குவோருட் பலர் விலையை நோக்குவர். வகையை நோக்குவோர் சிலரே. வகையறியாது உண்பது சிலவேளை உடலுக்கு ஊறு விளைக்கும். ஆதலின் இவ்வாரம் இவற்றின் தோற்றத்தையும் வேறுபாட்டையும் ஆராய்வோம்.

சொசேஜ் என்னும் சொல், ‘உப்பிட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. கொன்ற விலங்கின் இறைச்சி முழுவதையும் ஒரே நாளில் உண்டு தீர்த்தல் இயலாது. எனவே எஞ்சியதைக் கொத்தி, கொழுப்பும் உப்புஞ் சேர்த்து, தூய்மை செய்த குடலுள் அடைத்துக் காத்தனர் அக்கால மக்கள். கொழுப்புங் குருதியும் நிரப்பிய ஆட்டிரைப்பையைத் தீயில் வாட்டும் செய்தி ஹோமரின் ஒடிசி காவியத்திலேயே உண்டு.

பெயர்கள் சில ஊரைக் குறிப்பன. பிராங்பேர்ட் நகரிலே தொழில் பயின்ற லாநர் என்பவர் வியன்னாவிற் குடியேறி, பன்றியிறைச்சியுடன் மாட்டிறைச்சியையுங் கலந்து 1805 இல் விற்கத் தொடங்கினார் என்பர். வியன்னா மக்கள் அதனைப் பிராங்பேர்ட்டர் என்கின்றனர். ஜேர்மனியரோ வியன்னா என்கின்றனர்! ஸ்பானியாவின் சொரிசோ செந்நிறம் பெறுவது மிளகாயினத் தூளினால். மிளகாய் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவை அடைந்தது 1492 இன் பின்னரே. நம் நாட்டு லிங்குஸ், போர்த்துக்கேயரின் லிங்குயிசா என்பதன் வழித்தோன்றலாகும்.

பெயர் எதுவாயினும் வகை மூன்றே. முதலாவது, பச்சை இறைச்சியை அடைத்தது. கொத்தும்போது மேற்புறத்துக் கிருமிகள் உள்ளெங்கும் பரவுமாதலின், இதனை நடுப்பகுதிவரை நன்கு வேகவைத்தல் வேண்டும். இரண்டாவது, பிராங்பேர்ட்டர் போன்று முன்னரே வேகவைத்தது. இதனையுஞ் சூடாக்கி உண்பதே நன்று. மூன்றாவது, சலாமி போன்று புளிக்கவைத்து உலர்த்தியது. பாலைத் தயிராக்கும் இனத்து நுண்ணுயிர்களே இதற்குப் புளிப்பூட்டிக் காக்கின்றன.

இக்காவல் தவறினால் விளைவது யாது? 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனியின் வுர்ட்டம்பேர்க்கில், கெட்ட சொசேஜை உண்டோர் கண் மங்கி, நாத் தளர்ந்து, மூச்சடங்கி மாண்டனர். மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கேர்னர் அந்நஞ்சைத் தம்முடலிலேயே சோதித்து, 1822 இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். சொசேஜைக் குறிக்கும் ‘பொட்டுலுஸ்’ எனும் இலத்தீன் சொல்லே அந்நோய்க்குப் பொட்டுலிசம் என்ற பெயரைத் தந்தது. காற்றில்லாவிடத்து வளரும் ஒரு பற்றீரியா அதற்குக் காரணமென்பது அந்நூற்றாண்டின் இறுதியில் தெளிவாயிற்று. பதனிடுவோர் சேர்க்கும் நைத்திரைற்று அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றது.

காப்பதற்கெனப் பதனிட்டதும் முற்றும் தீங்கற்றதன்று. பதனிட்ட இறைச்சி பெருங்குடற் புற்றுநோயை விளைவிப்பதென, உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015 இல் அறிவித்தது. ஆகவே, பச்சையா, வெந்ததா, உலர்ந்ததா என்பதை முதலில் அறிவோம், அதற்கேற்பச் சமைப்போம், என்றேனும் ஒருநாள், சிறிதளவே உண்போம். பிள்ளைகளின் தட்டில் இடுமுன் நாம் எண்ணவேண்டியது இதுவே.