பால் கூடியது மருந்தாலா, கையாலா?

பால்மரக் காட்டில் வேலை பார்த்தவர் யாராவது அகப்பட்டால் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். இந்த நிரைக்கு மருந்து தடவினோம், அடுத்த நிரைக்குத் தடவவில்லை. தடவிய நிரையில் பால் கூடுதல். மருந்து வேலை செய்கிறது, சரிதானே?

அனுபவசாலி சட்டென்று தலையாட்டமாட்டார். அந்த நிரையைச் சீவியது யார்? மேட்டு நிரையா, பள்ளத்து நிரையா? விடியுமுன் சீவினார்களா, வெயில் ஏறியபிறகா? முதல்நாள் மழையா? இப்படி வரிசையாகத் திருப்பிக் கேட்பார். பெரட்டுக் களத்தில் கற்ற இந்தச் சந்தேகத்துக்குப் புள்ளியியலில் ஒரு பெயர் உண்டு: சோதனை வடிவமைப்பு.

அந்தத் துறை பிறந்ததும் வயல்காட்டில்தான். 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர், உரத்தின் பலனையும் மண்ணின் பலனையும் பிரித்துப் பார்க்க வழி தேடினார். அவர் கண்ட வழி மூன்று: ஒரே சோதனையைத் திரும்பச் செய்வது, எது எங்கே என்பதைக் குலுக்கிப் போடுவது, ஒரே தன்மையுள்ள நிலத்தைத் தொகுதியாகக் கட்டுவது. 1935இல் இவை அவரது நூலாக வந்தன. மலாயாவில் 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கும் இதே தலைவலி. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரகம் நல்ல ரகமா என்று சொல்ல, பல இடங்களில் பல ஆண்டுகள் சீவி, மங்கு மங்காய் அளந்தாக வேண்டும். தோட்டங்களில் உளி பிடித்தவர்களில் பலர் தமிழர். அளவு எழுதிய ஏட்டைக் கூட்டிக் கழித்தவர்கள் வேறு ஆட்கள்.

இன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பழைய தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. உளி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் ஈப்போவின் கார்செம், யூனிசெம் போன்ற சில்லுப் பொதியிடும் ஆலைகள் இருக்கின்றன. தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்ட வெப்பம், அழுத்தம், நேரம், மீயொலி ஆற்றல் நான்கும் ஒத்துவர வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அது ஏமாற்றும். பால் ஊக்கியான எத்திபோனை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுச் சீவினால் அது இலாபம். அடிக்கடி சீவும் மரத்துக்கு அதையே தடவிக்கொண்டிருந்தால் பட்டை வறண்டு பால் நின்றுபோகக்கூடும். மருந்தின் பலன் சீவும் முறையைப் பொறுத்தது. இந்த இடைவினையைக் காண இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கற்க வழியில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. கரக்பூர் ஐஐடியின் பேராசிரியர் மைத்தி நடத்திய பாடம் என்பிடெல் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பாடமும், இத்துறையின் பெயர்பெற்ற பாடநூலை எழுதிய அரிசோனாவின் மாண்ட்கோமரி நடத்தும் பாடமும் கோர்செரா தளத்தில் உண்டு. கணக்குப் போடும் ஆர் மென்பொருளுக்கும் காசில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இணையப் பாடம் எண்களைச் சுத்தமாகத் துடைத்துத் தட்டில் வைத்துத் தருகிறது. பாதியில் நின்றுபோன இயந்திரம் அதில் வருவதில்லை. உயர்நிலைப் பாடத்துக்கு வரும்போது இதன் விளைவு தெரியும். பிளவு மனை வடிவமைப்பு என்று ஒன்று. சூளையின் வெப்பத்தை ஒவ்வொரு பொருளுக்கும் மாற்ற முடியாது. ஒருமுறை சூடேற்றிப் பத்துப் பொருளை உள்ளே தள்ளுவார்கள். பொருள் பத்தானாலும், சூட்டைப் பொறுத்தவரை நடந்தது ஒரே சோதனை. அதைப் பத்து என்று எண்ணினால் விடை பொய். காணொளியில் பார்த்தவர் இதைத் தேர்வில் சரியாக எழுதிவிட்டு, ஆலையில் கோட்டைவிடுவார்.

இந்தக் குறைக்கு மருந்து பழையதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர் வில்லியம் ஹண்டர் தம் மாணவர்களைத் தாங்களே ஒரு சோதனையைத் தேர்ந்து செய்யச் சொன்னார்; அவற்றில் 32ஐ எடுத்துக்காட்டி 1977இல் கட்டுரையும் எழுதினார். ஆய்வுக்கூடம் தேவையில்லை, தோசைமாவு போதும். வெந்தயம் போடுவதா வேண்டாமா, உப்பை அரைத்ததும் போடுவதா புளித்தபின் போடுவதா, ஊறவைப்பது நான்கு மணி நேரமா எட்டா? மூன்று காரணிகள், எட்டுக் கிண்ணங்கள். அடுப்படியில் ஒரு நாளைக்கு நான்குக்குத்தான் இடம் என்றால் சிக்கல் தொடங்குகிறது. வெந்தயக் கிண்ணம் நான்கையும் முதல்நாளே வைத்து, அன்று மழை பிடித்துக்கொண்டால், மாவு பொங்காதது வெந்தயத்தாலா குளிராலா? ஒவ்வொரு காரணியிலும் ஒரு நாளைக்கு இரண்டுக்கு இரண்டு வரும்படி பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்பைத் தாளில் போட்டு இரண்டு தடவை தப்பு செய்தவருக்கே, தொகுதியோடு கலந்துபோகும் விளைவு என்ற பாடம் விளங்கும். மாவு பொங்கிய உயரத்தை அளக்க ஓர் அடிக்கோல் போதும்.

சொந்தக் கையால் ஒரு சோதனையாவது ஓட்டாதவரின் சான்றிதழை வேலைக்கு எடுப்பவர்கள் பாதி மதிப்பில் வைத்தால் தவறில்லை. ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப் பொறியாளர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இணையத்தில் கற்கும் பிள்ளைகளோடு உட்காரலாம். தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவின் நடுவர்கள், பிள்ளை விளக்கி முடித்ததும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: எதை முதலில் செய்வது என்று நீயே முடிவு செய்தாயா, சீட்டுக் குலுக்கினாயா?